தயவுசெய்து "சூப்பர் மச்சி" என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு குட்டி இணையதளம் கட்டினேன். எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் தமிழில் படிக்க ஆசைப்படும் ஜூனியர்களுக்காக எழுதி வைத்திருந்த பதினான்கு குறிப்புகள்தான் சரக்கு. முகப்பில் என் பெயர், மூன்று வரி அறிமுகம், கீழே குறிப்புகளின் பட்டியல். வெள்ளைப் பின்னணி, சாம்பல் எழுத்து. படம் கிடையாது, ஓடுகிற ஸ்லைடர் கிடையாது. மினிமலிசமாம்!

வகுப்பில் பத்துப் பேருக்குச் சுட்டியை அனுப்பி, "எப்படிடா இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்றேன். ஏழு பேர் "சூப்பர் மச்சி". (அதில் நாலு பேர் திறந்தே பார்க்கவில்லை என்பது வருகைக் கணக்கைப் பார்த்தபோது தெரிந்தது. வாழ்க நட்பு!) இரண்டு பேர் "காலியா இருக்கே, நல்ல டெம்ப்ளேட்டா போடேன்". ஒருத்தன் "ஃபாண்ட் செம". ஆசிரியர் ஒருவர் இரண்டு நொடி பார்த்துவிட்டு, "இதுல ப்ராஜெக்ட் எங்கப்பா இருக்கு?" என்றார்.

பாராட்டியவர்களுக்கும் திட்டியவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லோரும் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரிதான் பார்த்தார்கள். ஒரு குறிப்பையாவது படித்தீர்களா? ஒரு உதாரணத்தையாவது எடுத்துத் தட்டிப் பார்த்தீர்களா? இணையதளம் என்ன, சுவரில் மாட்டுகிற படமா?

பன்னிரண்டாவது ஆள் முதலாம் ஆண்டுப் பையன். லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான். ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினான். "அண்ணா, வெள்ளையாத்தான் வருது."

"அதுதான்டா டிசைன்" என்று பெருமையாகப் பதில் போட்டேன்.

"இல்லண்ணா. எழுத்தே வரல."

அவனுக்கு அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. தீர்ந்தபின் நம் ஊர் பேக்குகள் பலவற்றில் கிடைப்பது 64 கேபிபிஎஸ். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். அப்போதுதான் முதல்முறையாக என் முகப்புப் பக்கத்தின் எடையைப் பார்த்தேன். 1.4 மெகாபைட்! கணக்குப் போடுங்கள், மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. என் பெயரையும் ஒரு பட்டியலையும் பார்க்க ஒருவன் மூன்று நிமிடம் வெள்ளைத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

உள்ளே என்னதான் இருந்தது? தமிழ் எழுத்துரு நான்கு தடிமன்களில் (பயன்படுத்தியது இரண்டு). நிரலுக்கு வண்ணம் பூச ஒரு லைப்ரரி. இரண்டே ஐகானுக்காக ஆயிரக்கணக்கான ஐகான்கள் அடங்கிய ஒரு மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க். சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லில் இருந்தது ஒரே ஒரு காலி டிவ். ஸ்கிரிப்ட் முழுக்க வந்து சேர்ந்து ஓடினால்தான் அதற்குள் எழுத்து முளைக்கும். எச்டிஎம்எல் சொல்லித்தருகிற தளத்தில் எச்டிஎம்எல் இல்லை!

இதைத்தான் மினிமலிசம் என்று சொல்லித் திரிந்தேன். நான் மட்டுமல்ல. கண்ணுக்குக் கொஞ்சம், கம்பிக்குள் மூட்டை மூட்டையாக என்று கட்டப்பட்ட "எளிமையான" சொந்தத் தளங்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. வீடு முழுக்கச் சாமானை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டுக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கிக் காட்டுகிற வேலை இது.

டிம் பெர்னர்ஸ் லீ 1991-ல் செர்ன் ஆய்வகத்தில் வைத்த உலகின் முதல் இணையதளத்தை, 2013-ல் செர்ன்காரர்களே பழைய முகவரியில் மறுபடி ஏற்றினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் 1995-ல் வந்தது, சிஎஸ்எஸ் 1996 கடைசியில்தான் தரமானது. இரண்டும் பிறக்காத காலத்துப் பக்கம் அது. இன்றைக்கும் போனில் திறக்கிறது. எழுத்து பொடிசாகத் தெரியலாம், வியூபோர்ட் என்ற ஒற்றை வரி அதில் இல்லாததால். ஆனால் படிக்க முடிகிறது. என்னுடையதில் அதுகூட முடியவில்லையே!

மறுநாள் விடுதியில் ஐந்து பேரைப் பிடித்தேன். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியிருக்கிறார், கணக்குக்கு அது போதும். இந்தமுறை "எப்படி இருக்கு" என்று கேட்கவே இல்லை. போனைக் கையில் கொடுத்து, "ஒரு பெட்டியை நடுவில் நிறுத்துவது எப்படின்னு இதுல கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவதுதான் கஷ்டம். "மேலே பார், மேலே பார்" என்று நாக்கு நுனிவரை வரும்.

மூன்று பேருக்கு எது சுட்டி என்றே தெரியவில்லை. அழகுக்காக அடிக்கோட்டை நான் எடுத்திருந்தேன். விரல் திரை மேலே அலைந்துகொண்டே இருந்தது, பார்க்கவே பாவமாக இருந்தது. ஒருவன் வெளியே வெயிலில் நின்று பார்த்தான், சாம்பல் எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. நான் வைத்திருந்த நிறம் #999. வெள்ளையில் அதன் வேறுபாடு விகிதம் 2.8 சொச்சம்தான். டபிள்யூ3சி-யின் அணுகல்தன்மை விதி சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5. இந்த விதியைப் பற்றி ஒன்பதாவது குறிப்பில் நானே பாடம் எடுத்திருக்கிறேன் என்பதை இங்கே வெட்கத்துடன் சேர்த்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. நான் கேட்ட கேள்வி அப்படி. "எப்படி இருக்கு" என்பது மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற கேள்வி. அதற்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு மரியாதையான பதில் தமிழில் இல்லை.

"இண்டர்வியூவில் ஃப்ரேம்வொர்க் தானே கேட்பான்?" என்று ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். கேட்பான். கற்றுக்கொள், அதற்கென்று ஒரு ப்ராஜெக்ட் செய்து காட்டு. ஆனால் உன் குறிப்புகளைப் படிக்கப்போவது இண்டர்வியூ எடுக்கிறவனா, டேட்டா தீர்ந்த ஜூனியரா? "காலியா இருக்கு" என்ற இருவரையும்கூட முழுக்கத் தள்ள முடியாது. எந்தக் குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்று தேதியே நான் போட்டிருக்கவில்லை. டெம்ப்ளேட் தேவையில்லை, தேதி தேவைதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரித்துப் போட்டேன். ஃப்ரேம்வொர்க், ஐகான் மூட்டை, வண்ணம் பூசும் லைப்ரரி எல்லாம் போயிற்று. தமிழுக்குப் போனிலேயே எழுத்துரு இருக்கிறது, அதுவே போதும். அடிக்கோடு திரும்பி வந்தது. எழுத்து கறுப்பானது. கையால் எழுதிய எச்டிஎம்எல், முப்பது வரி சிஎஸ்எஸ், முகப்பு மொத்தம் 9 கிலோபைட். இதைப் பார்த்த ஃபாண்ட் ரசிகன் "முன்னாடி இருந்த லுக் போச்சே" என்று வருத்தப்பட்டான். போகட்டும்.

ராத்திரி பதினொன்றுக்கு அந்த ஜூனியருக்குச் செய்தி அனுப்பினேன், டேட்டா தீர்ந்த பிறகு திறந்து பார் என்று. அரை மணி கழித்துப் பதில் வந்தது.

"வந்துருச்சுண்ணா. ஃப்ளெக்ஸ்பாக்ஸ் குறிப்புல மூணாவது உதாரணம் தப்பா இருக்கு. மேலிருந்து கீழே நடுவுல நிக்க அலைன்-ஐட்டம்ஸ் தானே போடணும்? நீங்க ஜஸ்டிஃபை-கன்டென்ட் போட்டிருக்கீங்க."

போய்ப் பார்த்தேன். தப்புதான்.