அங்குலிக்கு இரங்குவது குற்றமா?

2020 ஜனவரியில் மிஷ்கினின் ‘சைக்கோ’ வெளியானபோது எழுந்த கோபம் பலருக்கும் நினைவிருக்கும். பெண்களைக் கடத்திச் சென்று தலையை வெட்டி, முண்டத்தை ஊர் பார்க்கக் கிடத்திவிட்டுப் போகிறான் அங்குலி. அவனிடம் சிக்கிய தாகினியே கடைசியில் அவன்மேல் இரக்கப்படுகிறாள். பார்க்கிற நம்மையும் படம் இரங்கச் சொல்கிறது. இத்தனை பெண்களைக் கொன்றவனுக்கு எதற்கு இரக்கம் என்று கேட்டவர்கள் வம்புக்காகக் கேட்கவில்லை. பெண்கள் படும் வன்முறையைப் பற்றி உண்மையான அக்கறையோடு பேசுகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். வில்லனுக்கு அழுகிற இளமைப்பருவம் ஒன்றை எந்தப் படம் வைத்தாலும் இதே குற்றச்சாட்டு எழுகிறது. வன்முறை செய்யும் வில்லனுக்காகப் பார்வையாளரை இரங்க வைப்பது சமூகத்துக்குச் செய்யும் கேடு என்பது இப்போது மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளப்படும் கருத்தாகிவிட்டது.

நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கருத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் முழுதாக நிற்பதில்லை. ஒன்றே ஒன்று பாதி நிற்கிறது. அதைக் கடைசியில் பேசுகிறேன்.

முதல் காரணம்: ஒருவன் ஏன் கொன்றான் என்று காட்டினாலே அவன் கொன்றது சரி என்று சொன்னதாகிவிடும். நம் சட்டமே இதை ஏற்கவில்லை. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்றும், குற்றத்தை மட்டும் எடை போட்டால் போதாது, குற்றவாளியையும் எடை போட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அவனுடைய வயது என்ன, எந்த மனநிலையில் செய்தான், திருந்த வழியுண்டா என்றெல்லாம் நீதிமன்றம் கேட்டாக வேண்டும். இந்தக் கேள்விகள் அவன் குற்றவாளி என்று முடிவான பிறகே எழுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கொலை கொலைதான் என்பதில் சந்தேகம் தீர்ந்த பிறகு, கொன்றவன் யார் என்று கேட்கிறார்கள். நீதிபதிகள் கொலைக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று இதற்காக யாரும் சொல்வதில்லை. நீதிமன்றத்துக்கு இருக்கிற இந்த உரிமையைத் திரைக்கு ஏன் மறுக்க வேண்டும்?

அந்தக் காலத்துப் படங்களில் நல்லவன் நல்லவனாகவும் கெட்டவன் கெட்டவனாகவும் இருந்தார்கள் என்ற ஏக்கமும் கூடவே வரும். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஜப்பானியருக்கு நாட்டின் ரகசியங்களை விற்கும் வானொலிப் பொறியாளராக சிவாஜி நடித்தார். அவன் திறமையை நாடு கண்டுகொள்ளாததில் பிறந்த கசப்பு எப்படித் துரோகமாக முற்றியது என்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. கசப்பு நமக்குப் புரிகிறது. துரோகம் துரோகமாகவே நிற்கிறது. அவன் மனைவியே அவன் முன் துப்பாக்கியோடு நிற்கிறாள். நம்பியாரும் வீரப்பாவும் வில்லன்களாக மிரட்டிய அதே காலத்தில்தான் இந்தப் படமும் வந்தது.

அடுத்த காரணம்தான் அதிகம் பேரைப் பயமுறுத்துவது: இரங்குகிறவர்கள் நாளை அதையே செய்துவிடுவார்கள். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது தமிழ் சினிமாவை நோக்கிக் கேள்விகள் எழுந்தன. சரியான கேள்விகள். வேண்டாம் என்கிற பெண்ணின் பின்னாலேயே அலைவதைக் காதல் என்று கற்றுக் கொடுத்தது யார்? அப்படி அலைந்தவர்களில் எவரும் வில்லன் அல்லர். நாம் விசிலடித்த நாயகர்கள் அவர்கள். அழுகிற பின்கதை அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. பாட்டும் நகைச்சுவையும் கடைசியில் அந்தப் பெண்ணின் சம்மதமும் கிடைத்தன. பின்பற்றுவதற்கு யாரும் வில்லனிடம் போவதில்லை. வெல்கிறவனிடம் போகிறார்கள்.

‘மாமன்னன்’ இதற்கு இன்னும் துல்லியமான சாட்சி. 2023இல் மாரி செல்வராஜ் எடுத்த அந்தப் படத்தில் பகத் பாசிலின் ரத்னவேல், பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தானே அடித்துக் கொல்கிற ஆள். மாமன்னன் எம்.எல்.ஏ. ஆன பிறகும் அவரைத் தனக்குச் சமமாக உட்கார வைக்க அவனுக்கு மனம் வராது. அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரையும் இயக்குநர் நம்மிடம் கேட்கவில்லை. இருந்தும் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்த சில நாட்களில், அவன் காட்சிகளை வெட்டி ஒட்டி, சாதிப் பெருமைப் பாட்டைப் பின்னால் சேர்த்து, சமூக வலைதளங்களில் அவனை நாயகனாக்கிவிட்டார்கள். ரத்னவேலுக்குக் கிடைத்தது இரக்கமா? இல்லை. அவன் அதிகாரத்தில் தங்கள் அதிகாரத்தைப் பார்த்தவர்களின் பெருமிதம் அது. அந்தத் துண்டுக் காணொளிகளில் அந்த நாய் கிடையாது, மாமன்னன் கிடையாது, அடிபட்ட ஒருவரும் கிடையாது. வில்லன்மேல் இரங்கக் கூடாது என்ற விதியை எந்த இயக்குநரும் இதைவிடக் கறாராகக் கடைப்பிடித்திருக்க முடியாது. அந்த விதி யாரையும் காப்பாற்றவில்லை.

ஹாலிவுட்டிலும் இதே அச்சம் எழுந்தது. 2012இல் கொலராடோவின் அரோரா நகரில் ‘தி டார்க் நைட் ரைசஸ்’ ஓடிய அரங்கில் ஒருவன் சுட்டு 12 பேர் இறந்தார்கள். 2019இல் ‘ஜோக்கர்’ வரப்போகிறது என்றதும் இறந்தவர்களின் குடும்பத்தினர் சிலர் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கொலைகாரன்மேல் பரிவு காட்டும் கதை என்பதில் அவர்களுக்குக் கலக்கம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் அவர்கள் படத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. துப்பாக்கி ஆதரவு அமைப்பிடம் பணம் வாங்கும் அரசியல்வாதிகளுக்கு நன்கொடை தராதீர்கள், துப்பாக்கிச் சட்டங்களைத் திருத்தக் குரல் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

தீமையைத் தீமையாக மட்டும் காட்டுவதே பாதுகாப்பு என்பது மூன்றாவது காரணம். என்னைப் பொறுத்தவரை இவற்றுள் ஆபத்தானது இதுதான். 1931இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் ‘எம்’ என்ற படத்தை எடுத்தார். சிறுமிகளைக் கொல்பவனாக நடித்தவர் பீட்டர் லோர். நகரத்துத் திருடர்களும் ரவுடிகளும் சேர்ந்து அவனைப் பிடித்து, தாங்களே நீதிமன்றம் அமைத்து விசாரிக்கிறார்கள். தன்னால் தன்னைத் தடுக்க முடியவில்லை, தன்னிடமிருந்தே தான் தப்ப முடியவில்லை என்று அங்கே அவன் கதறுகிறான். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பும் பரிதாபமும் ஒன்றாக எழும் காட்சி அது. நாஜிகள் 1934இல் படத்தைத் தடை செய்தார்கள். லோர் யூதர். 1940இல் யூதர்களுக்கு எதிராக நாஜிகள் எடுத்த ‘நித்திய யூதன்’ என்ற பிரச்சாரப் படத்தில் அந்தக் கதறல் காட்சியை வெட்டி எடுத்துச் சேர்த்தார்கள். பரிதாபம் முழுவதையும் துடைத்தெறிந்துவிட்டு, பாருங்கள் இவர்கள் எப்பேர்ப்பட்ட பிறவிகள் என்று காட்ட அது உதவியது. இரக்கம் நீங்கிய அரக்கன் உருவம் தயாரானதும் அதை யார் முகத்தில் வேண்டுமானாலும் மாட்டலாம்.

நம் என்கவுன்டர் படங்களும் இந்த முகமூடியை நம்பியே ஓடுகின்றன. சுடப்படுகிறவனுக்கு ஊர் இருக்கக் கூடாது, அம்மா இருக்கக் கூடாது. இருந்தால் கைதட்டல் தடுமாறும். வெற்றிமாறனின் ‘விசாரணை’ அந்தக் கைதட்டலைத்தான் பறித்தது. குண்டூரில் கூலி வேலைக்குப் போய்ப் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ் இளைஞர்களோடு படம் தொடங்குகிறது. வேறொரு படத்தில் இவர்கள் கடைசிச் சண்டையில் சுடப்படும் பெயரில்லாத கொள்ளையர்களாக வந்துபோயிருப்பார்கள். அதோடு நிற்காமல், அவர்களைத் தீர்த்துக்கட்டும் வேலையில் சிக்கிக்கொள்ளும் இன்ஸ்பெக்டர் முத்துவேலின் மனத்தையும் படம் திறந்து காட்டுகிறது. சமுத்திரக்கனியின் முகத்தில் அந்தத் தயக்கத்தைப் பார்க்கிறோம். அதைப் பார்த்ததால் அவன் செய்வது நமக்குச் சின்னதாகத் தெரியவில்லை. மனம் உறுத்துகிற ஒருவனே இதைச் செய்ய முடிகிறது என்றால், உறுத்தாதவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று நெஞ்சு பதறுகிறது.

பாமர ரசிகர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியாது என்று அடுத்து சொல்வார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பதினெட்டாம் போரில் முடியும். படுகளத்தன்று மண்ணில் பெரிய துரியோதனன் உருவம் செய்து கிடத்துவார்கள். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். அதே களத்தில் துரியோதனனுக்காக ஒப்பாரியும் எழும். சபையில் ஒரு பெண்ணின் துகிலை உரியச் சொன்னவன் அவன். அவன் சாக வேண்டும் என்று இரவெல்லாம் விழித்திருந்த ஊர் அது. அந்த ஒப்பாரியால் திரௌபதியின் வழக்கு ஒரு நூலளவும் தளர்வதில்லை. எழுத்தறியாத கிழவிகள் தலைமுறை தலைமுறையாக இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு திரைப்படம் தாங்காது என்பதை நான் நம்பவில்லை.

பாதி நிற்கும் காரணம் இனி. கொன்றவனுக்கு இரங்குவது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்கிறார்கள். பல படங்களில் இது உண்மை. 1978இல் பாரதிராஜா எடுத்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ கமல்ஹாசனின் கொலைகாரனுக்கு ஓர் இளமைப்பருவம் தருகிறது. அதில் அவனைக் கெடுத்தவர்கள் பெண்கள். 2004இல் வந்த ‘மன்மதன்’ இன்னும் மோசம். தம்பியை ஒரு பெண் ஏமாற்றியதால் நாயகன் வேறு பெண்களைத் தேடித் தேடிக் கொல்கிறான், படம் அவன் பக்கமே நிற்கிறது. ‘சைக்கோ’வும் இந்தப் பழக்கத்திலிருந்து தப்பவில்லை. அங்குலியின் சிறுவயதைச் சிதைத்தவள் ஓர் ஆசிரியை. வெட்டுண்ட பெண்களில் பலர் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே போகிறார்கள். இதற்காகக் கோபப்பட்டவர்களோடு நானும் கோபப்படுகிறேன்.

ஆனால் குறை எங்கே இருக்கிறது? அங்குலிக்குக் கிடைத்த இரக்கம் மிகையானதில் இல்லை. அந்தப் பெண்களுக்கு இரக்கம் கிடைக்காததில் இருக்கிறது. மிஷ்கின் அங்குலி என்ற பெயரை எடுத்த பௌத்தக் கதையில் இந்தக் குறை கிடையாது. மஜ்ஜிம நிகாயத்தின் 86ஆம் சூத்திரம் அது. கொன்றவர்களின் விரல்களை மாலையாகக் கோத்துத் திரிந்த அங்குலிமாலன் புத்தரைச் சந்தித்துத் துறவியாகிறான். பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணைக் கண்டு அவன் மனம் கலங்குகிறது. அவன் திருந்திவிட்டான், கதையை அங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பிச்சைக்குப் போன இடத்தில் அவன்மேல் கல்லும் கட்டையும் வந்து விழுகின்றன. மண்டை உடைந்து, பாத்திரம் உடைந்து, சீவரம் கிழிந்து புத்தர் முன் வந்து நிற்கிறான். கல்லெறிந்தவர்களை அவர் கண்டிக்கவில்லை. நீ செய்ததன் பலன், பொறுத்துக்கொள் என்கிறார். அவனுக்கு விடுதலையும் உண்டு, கல்லும் உண்டு.

‘எம்’ படமும் இப்படித்தான் செய்தது. கொலைகாரன் கதறுவதற்கு வெகு முன்பே, பள்ளிவிட்டு வராத மகளுக்காகச் சாப்பாடு எடுத்துவைத்துக் காத்திருக்கும் ஒரு தாயோடு நம்மை உட்கார வைத்துவிடுகிறார் லாங். அவன் கதறி முடித்த பிறகு, கடைசிச் சொல்லையும் பிள்ளைகளை இழந்த தாய்மாரிடமே கொடுக்கிறார். ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கர் அடித்துக் கொன்ற போலீஸ்காரர் கேல்கருக்கு மனவளர்ச்சி குன்றிய மகன் இருக்கிறான். அந்தப் பிள்ளையை நாயக்கரே பராமரிக்கிறார். கடைசியில் நாயக்கரைச் சுடுவதும் அவன்தான். மகள் சாருமதி அப்பாவின் வன்முறையை ஏற்க முடியாமல் வீட்டைவிட்டே போய்விடுகிறாள். நாயக்கருக்காக அழுத அதே கூட்டம்தான் அந்த மகனையும் மகளையும் பார்த்தது.

மிஷ்கினுக்கு இந்த வித்தை தெரியாததல்ல. 2013இல் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ எடுத்தவர் அவர். தவறுதலாக ஒருவனைக் கொன்றுவிட்ட கூலிக் கொலைகாரன், செத்தவனின் கண் தெரியாத குடும்பத்தைக் காப்பாற்ற ஓர் இரவு முழுக்க ஓடுகிறான். நாம் அவனோடுதான் ஓடுகிறோம், அவன் பிழைக்க வேண்டும் என்றுகூட நினைக்கிறோம். அவன் பறித்த உயிரின் வீட்டார் அவன் கையைப் பிடித்தபடி கூடவே வருவதால், அவன் செய்த கொலையை ஒரு நிமிடமும் நம்மால் மறக்க முடிவதில்லை. ‘சைக்கோ’வில் அங்குலியின் காட்சிகளில் ஒன்றையும் வெட்டச் சொல்லி நான் கேட்க மாட்டேன். அந்தப் பெண்களின் வீடுகளுக்கும் கேமராவை எடுத்துப்போயிருக்க வேண்டும் என்றுதான் கேட்பேன்.