தடித்த வயருக்கும் காவல் வேண்டும்



பெருநாள் விடுமுறை நெருங்கினால் குடும்ப வேனில் புதிய சாதனங்களைப் பொருத்தும் ஆர்வம் நம்மிடையே பெருகுகிறது. வழியில் குழந்தைக்குப் பால் சூடாக்கவும், மடிக்கணினியை இயக்கவும் இன்வெர்ட்டர் ஒன்றைப் பின்னிருக்கையின் அடியில் வைக்கிறோம். அதற்காகப் பேட்டரியிலிருந்து சுண்டுவிரல் பருமனுள்ள வயர் உள்ளே இழுக்கப்படுகிறது. 'இவ்வளவு தடித்த வயர் எளிதில் சூடாகாது. ஆகவே அச்சமில்லை' என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே.

வண்டியின் இரும்பு உடல் முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்தது. எஞ்சின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலுள்ள தகரத்தின் துளை வழியாகவே வயர் வருகிறது. ரப்பர் வளையம் பொருத்தாவிடில், ஓட்டத்தின் அதிர்வில் அத்துளையின் விளிம்பு வயரின் மேலுறையை நாளடைவில் அறுத்துவிடும். உள்ளிருக்கும் செம்பு தகரத்தைத் தொட்டால் என்ன ஆகும்?

12 வோல்ட்தானே என்று இலேசாக எண்ணலாகாது. அது தொட்டவருக்கு அதிர்ச்சி தராதிருக்கலாம். ஆனால் மின்தடை மிகக் குறைந்த தடித்த வயரில் 500 ஆம்பியருக்கு மேலும் பாய்ச்ச ஒரு கார் பேட்டரியால் இயலும். 500ஐ 12ஆல் பெருக்கினால் 6000 வாட். அதாவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆறின் ஆற்றல். மெல்லிய வயராயின் விரைவில் உருகி அறுந்துவிடக்கூடும். தடித்த வயரோ அறாமல் நின்று, அருகிலுள்ள விரிப்பையும் பஞ்சையும் பற்றவைக்கிறது.

'இன்வெர்ட்டரிலேயே ஃபியூஸ் உள்ளதே' என்பீர்கள். அது இன்வெர்ட்டரைக் காக்கும். வழியில் வயர் தகரத்தைத் தொட்டால், அம்மின்சாரம் அந்த ஃபியூஸை எட்டுவதே இல்லை. ஆகவே வயரைக் காக்கும் ஃபியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகில், அதிகம் போனால் 45 சென்டிமீட்டருக்குள், தகரத் துளைக்கு முன்பாகவே அமைய வேண்டும். வேனில் இரண்டாவது பேட்டரியும் இருந்தால், இணைப்பு வயரின் இரு முனைகளிலும் ஃபியூஸ் தேவை. மின்சாரம் இருபுறமிருந்தும் பாயுமல்லவா?

அளவைத் தேர்வது கடினமன்று. 600 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் கேட்கும். இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 60. அதற்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், போல்ட் போட்டு இறுக்கும் 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸும் பொருந்தும். ஃபியூஸின் அளவு சாதனத்தின் தேவைக்கு மேலிருக்கலாம். வயரின் தாங்குதிறனை ஒருபோதும் மீறலாகாது. ஃபியூஸ் எரிந்துபோனால் அதனிடத்தில் செம்புக் கம்பியையோ ஈயத் தாளையோ வைப்பது, காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும். அது ஏன் எரிந்தது என்பதையே முதலில் தேடவேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் வயருக்குப் பல கார்களில் தனி ஃபியூஸ் இல்லையே என்று கேட்கலாம். அது நீளம் குறைந்தது. தொழிற்சாலையிலேயே உராயாத வழியில் பொருத்தப்பட்டது. நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைச் சுமப்பது. இருக்கையின் அடிவரை நீளும் நம் வயருக்கு அந்த விலக்கு பொருந்தாது.

வேலையைத் தொடங்குமுன் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, முடிவில் கடைசியாக மாட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வயர் இழுத்திருப்போர் இன்றே பானட்டைத் திறந்து, பாசிட்டிவ் முனையிலிருந்து அதனைக் கண்ணால் தொடருங்கள். தகரத்தை அடையுமுன் ஃபியூஸ் தென்படவில்லையெனில், அதைப் பொருத்தும்வரை அந்த வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றியே வையுங்கள்.