ஏரி எங்கே?

தோழனே!

நந்தனத்துப் புத்தகக் காட்சிக்கு வந்திருப்பாய், ஒய்.எம்.சி.ஏ. திடலிலே கைநிறையப் புத்தகங்களோடு நின்றிருப்பாய். அந்த இடத்தின் கதையை எவரேனும் உனக்குச் சொன்னதுண்டா? நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை வரை, பிறைபோல் வளைந்து கிடந்ததொரு நெடிய ஏரி. அதன் கரைதான் அது! வெள்ளையர் படகுப் பந்தயம் விட்டு மகிழ்ந்த நீர்ப்பரப்பு! இன்று மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்!

தூர்த்தவர் யார்? மாற்றார் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவோம். நீதிக்கட்சி ஆட்சியில், 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் துணைகொண்டு, 1923 அளவில் ஏரியை வற்றவைத்து மனைகளாக்கினர். புது நகருக்குத் தியாகராயர் பெயர். அதன் நடுவிலே பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். ஆம், நம் கொள்கைப் பாட்டன்மார்! நகரிலே நெரிசல், குடியிருக்க இடமில்லை என்ற கவலையிலே செய்தனர், வஞ்சத்தால் அல்ல. ஆனால் தண்ணீருக்குக் கட்சி ஏது? 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் வீதிகள் வெள்ளக்காடாயின. நந்தனத்தின் ஓரமாய் அடையாற்றை நாடிச் செல்லும் மாம்பலம் கால்வாய், ஓர் ஏரி தாங்கவேண்டிய சுமையைத் தான் ஒருத்தியே தாங்கமாட்டாமல் திணறினாள்.

இதை இப்போது கிளறுவானேன் என்கிறாயா? எஞ்சிய ஏரிகளுக்குப் புதுவாழ்வு பேசப்படும் காலம் இது. சேத்துப்பட்டு ஏரியில் 2016 முதல் படகு விடுகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். ஏரிக்கரைகளை எழிலாக்கும் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் 2023இல் அறிவித்தது. சூழல் சுற்றுலா என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம்! ஏழைத் தொழிலாளி தன் பிள்ளையின் கைபிடித்து மாலையில் காற்று வாங்க ஓரிடம் வேண்டாமா?

ஆனால் நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். திரைச்சீலையில் தீட்டிய ஏரியிலே கால் நனையாது என்பதறிவேன். நாற்புறமும் கான்கிரீட் சுவர் எழுப்பினால், கரையோரத்து ஆழமற்ற நீரிலே இரை தேடும் நாரை எங்கே நிற்கும்? மீன் எங்கே முட்டையிடும்? இரவெல்லாம் வண்ண விளக்கு எரித்தால் பறவை எப்படி உறங்கும்? ஒருபுறம் கழிவுநீர் கலக்க, மறுபுறம் படகுச் சீட்டு விற்றால், அதற்குப் பெயர் சுற்றுலாவா?

வேடந்தாங்கலைப் பார். எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமென்று உணர்ந்த உழவர்கள் பறவைகளைக் காத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு உரிமையும் பெற்றனர். சுற்றுலாப் பயணி பின்னால் வந்தவன். ஊராருக்கு ஆதாயம் இருந்தது, ஏரி பிழைத்தது. ஏரி பிழைத்ததால் பயணி வந்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மிஞ்சுவது நுழைவுச்சீட்டுக் கொட்டகை மட்டுமே!

உன் வட்டத்திலும் ஓர் ஏரி இருக்கும். அழகுபடுத்தும் திட்டத்தோடு அதிகாரிகள் வருவார்கள். கைதட்டுமுன் கேள்: வரத்துக்கால்வாய் எங்கே? கலங்கல் எங்கே? பழைய வருவாய்ப் பதிவேட்டில் உள்ள பரப்பு எவ்வளவு, இன்று உள்ளது எவ்வளவு? கரையிலே குடிசை போட்டவனை மட்டும் பெயர்த்துவிட்டு, மாடி கட்டியவனை விட்டுவிடுகிறீர்களா? மீன்பிடிப்பவனுக்குப் படகுத்துறையிலே வேலை உண்டா? விடையை எழுத்தில் வாங்கு. அடுத்த கிளைக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டு.