அபூர்வ நோயாம், அபூர்வம்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் ஆணி பிடுங்குகிறவன். வைத்தியத்துக்கு உங்கள் குழந்தை டாக்டரிடம் போங்கள். சண்டைக்கு மட்டும் என்னிடம் வாருங்கள் :-)

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் கிளையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். நாக்பூருக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம். மனைவிக்கு முதல் பிரசவம் இங்கேயே ஆயிற்று, பெண் குழந்தை.

"சார், ஆஸ்பத்திரியில ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க. மெட்டபாலிக் ஸ்க்ரீனிங்காம். பாப்பாவோட யூரின்ல நூறு நோய்க்கு மேல பாப்பாங்களாம். வேணும்னா டிக் அடிங்க, வேண்டாம்னா கையெழுத்துப் போடுங்கங்கறாங்க. நாலாயிரத்துச் சொச்சம் ஆகும். நர்சைக் கேட்டா கவுண்டர்ல கேளுங்கறாங்க, கவுண்டர்ல கேட்டா டாக்டரைக் கேளுங்கறாங்க. தேவையா சார் இது? மாமியார் வேற, பச்சப்புள்ளைக்கு என்னத்துக்கு டெஸ்ட்டுன்னு கத்துறாங்க."

எனக்கு வந்த கோபம் தம்பி மேல் இல்லை, மாமியார் மேலும் இல்லை. பிறந்த குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு சோதனையை, தீபாவளி ஆஃபர் மாதிரி 'வேணுமா வேண்டாமா' என்று டிக் அடிக்கச் சொல்கிறார்களே, அதன் மேல்தான்.

ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்பவர்களுக்காக ஒரு கொசுவத்தி சுற்றல்.

என் தங்கையைத் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தோம், 2006ல். சொத்து வெளியே போகாது, பெண் கண் முன்னால் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. மறு வருஷம் ஆண் குழந்தை, நல்ல எடை. மூன்றாம் நாள் வரை பால் குடித்தான். நாலாம் நாள் குடிக்கவில்லை. வாந்தி எடுத்தான், மூச்சு வேகமாக வாங்கியது, துவண்டு கிடந்தான். ஆச்சி "உரம் விழுந்திருக்கு"ன்னு சொல்லி, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தாள். சரியாகவில்லை என்றதும் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "கிருமித் தொற்று" என்று ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டான். யாரும் அவன் மூத்திரத்தை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்று எங்களுக்கும் தெரியாது.

2010ல் இரண்டாவது பையன். பன்னிரண்டாம் நாள் அதே துவளல். இந்த முறை மதுரைக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். "சொந்தத்துல கல்யாணமா? முதல் குழந்தை எப்படிப் போச்சு?" உடனே பாலை நிறுத்தச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, பி12 ஊசியும் போட்டார். பையனின் நாப்கினுக்குள் ஒரு வடிதாளை வைத்து, நனைந்ததும் எடுத்து ஜன்னலோரம் காய வைத்து, கவரில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான் சோதனை. ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை.

மெத்தில்மெலோனிக் அசிடூரியா என்று வந்தது. உடம்பு சில புரதங்களை முழுதாகச் செரித்து முடிக்க முடியாமல், பாதியில் நின்றுபோன அமிலம் ரத்தத்தில் சேர்ந்து மூத்திரத்தில் வழிகிற நோய். அதில் பி12 ஊசிக்கு மசிகிற ரகமும் உண்டு, மசியாத ரகமும் உண்டு. எங்களுக்கு வாய்த்தது மசிகிற ரகம். பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது, சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டு. மற்றபடி இன்று மாமனிடம் சைக்கிள் கேட்டுச் சண்டை போடுகிறான். அண்ணன்காரனுக்கும் இதே நோயாக இருந்திருக்கலாம். அது எங்களுக்கு இனி தெரியப்போவதில்லை.

நிற்க.

மூத்திரத்தில் நோய் பார்ப்பது நேற்று வந்த கார்ப்பரேட் வித்தை இல்லை. 1934ல் நார்வேயில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளின் மூத்திரத்தில் விநோதமான வாடை வருகிறதே என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். கடைசியில் ஆஸ்பியோர்ன் ஃபெல்லிங் என்பவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். மூத்திரத்தில் ஃபெரிக் குளோரைடு சொட்டு விட்டார், கரும்பச்சையாக மாறியது. பினைல்கீட்டோன்யூரியா என்று இன்று நாம் சொல்லும் நோய் அப்படித்தான் பிடிபட்டது. அந்தக் குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. 1950களில் அதற்கான பத்திய உணவு வந்தது. முதல் வாரங்களில் ஆரம்பித்தால் மூளை தப்பும் என்று தெரிந்தது. ஆனால் இந்த நோயின் சுவடு மூத்திரத்தில் தெரியப் பல வாரம் ஆகும், அதற்குள் சேதம் தொடங்கிவிடும். அதனால்தான் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத் துளியைத் தாளில் உலர்த்திப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்.

ஆக, ரத்தமும் மூத்திரமும் போட்டி இல்லை, ஜோடி. தைராய்டு குறையை மூத்திரத்தில் பார்க்க முடியாது, குதிகால் ரத்தம்தான் வேண்டும். என் மருமகனுக்கு வந்தது போன்ற அமிலக் கோளாறுகள் மூத்திரத்தில் பளிச்சென்று தெரியும். அந்த ஃபார்மில் இதில் ஒரு வரியாவது இருந்ததா? "நூறு நோய்க்கு மேல்" என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு, "இதில் தைராய்டு வராது" என்று பொடி எழுத்தில்கூடப் போடத் தெரியவில்லை. நாங்கள் மியூச்சுவல் ஃபண்டு விற்றாலே ரிஸ்க் என்னவென்று சொல்லித்தான் விற்க வேண்டும், சார்!

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970களின் தொடக்கத்திலிருந்து என்ன செய்கிறார்கள் தெரியுமா? குழந்தை பிறந்ததும் தாயிடம் ஒரு உறையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 21ஆம் நாள் தாயே குழந்தையின் மூத்திரத்தைத் தாளில் பிடித்து, காய வைத்து, தபாலில் போடுகிறார். பில் கிடையாது, டிக் அடிக்கும் கவுண்டரும் கிடையாது. முதல் வாரத்திலேயே பாயும் நோய்களுக்கு 21ஆம் நாள் தாமதம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஒரு சமூகம் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது பாருங்கள். ஜப்பானில் கனஸாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மாட்சுமோட்டோ, குஹாரா இருவரும், தாளில் உலர்ந்த மூத்திரத்தையே ஜி.சி.எம்.எஸ். கருவியில் ஓட்டி, ஒரே ஓட்டத்தில் பல கோளாறுகளைப் பார்க்க வழி செய்தார்கள்.

இங்கே? பெங்களூரில் 1980லேயே சோதனை முயற்சி தொடங்கி, லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தார்கள். 2008ல் கோவா ஆரம்பித்தது. பிறகு கேரளா அரசு ஆஸ்பத்திரிகளில் சில நோய்களுக்குக் கொண்டுவந்தது. 2013ல் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் வந்தது. ஆனால் பிறந்த குழந்தைக்கு அதில் முக்கியமாக நடப்பது கண்ணால் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில்தானே இந்த நோய்கள் வேலையை முடித்திருக்கும்? 2021ல் அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்து, மறு வருஷம் உதவித்தொகை 50 லட்சம் வரை என்று உயர்த்தப்பட்டது. நல்லது, கும்பிடுகிறேன். நோய் முற்றிய பிறகு ஐம்பது லட்சம், முன்னால் பார்க்க டிக் அடிக்கும் ஃபார்ம். நாடு முழுக்க எல்லாக் குழந்தைக்கும் கட்டாயச் சோதனை இன்றுவரை இல்லை.

கேட்டால் "அபூர்வம்" என்பார்கள். இந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அபூர்வம்தான். வங்கிக்காரன் தனிக் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை, மொத்த லோன் புக்கையும் பார்ப்பான். இந்த வளர்சிதை மாற்றக் கோளாறுகளை எல்லாம் கூட்டினால், உலக அளவில் சுமார் இரண்டாயிரம் பிறப்புக்கு ஒன்று. இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 2.3 கோடி பிறப்பு. வகுத்துப் பாருங்கள், பதினோராயிரம் தாண்டும். தைராய்டு குறை தனி, அது ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று. அதற்கு மாத்திரை தினம் சில ரூபாய்.

நம்மவர்களுக்கு ஒன்று கூடுதல். தேசியக் குடும்ப நல ஆய்வில் சொந்தத்தில் கல்யாணம் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது, நாலில் ஒன்றுக்கு மேல். அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுதான ஜீன் ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வடக்கே வந்து குடியேறினாலும் அத்தை பெண்ணும் மாமன் மகனும் நம் பெட்டியோடுதான் வருகிறார்கள். ஆனால் இங்கத்திய டாக்டருக்கு "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்கவே தோன்றாது. அவர்கள் ஊரில் பலருக்கு அந்த வழக்கமே கிடையாது. நாமாகச் சொன்னால்தான் உண்டு. வெட்கப்பட்டு மறைக்கிறோம்.

கடனில் தவணை ஒரு நாள் தவறினாலே எஸ்.எம்.ஏ. ஜீரோ என்று கொடி ஏற்ற வேண்டும். ரிசர்வ் வங்கி 2014லிருந்து எங்களைக் கட்டி வைத்து அடிக்காத குறை. ஒரு டிராக்டர் லோனுக்கு இருக்கிற அக்கறை ஒரு சிசுவுக்கு இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"அப்போ கண்டதையெல்லாம் சோதிக்கணுமா?" என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி. வேண்டாம். ஜப்பானில் 1980களில் ஆறு மாதக் குழந்தைகளின் மூத்திரத்தில் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்குத் தேடினார்கள். தானாகவே கரைந்துபோகும் கட்டிகள்தான் நிறையச் சிக்கின. தேவையில்லாத ஆபரேஷன், அழுகை. 2004ல் நிறுத்திவிட்டார்கள். அதனால் முன்னால் தெரிந்தால் பலன் உண்டு என்று உறுதியானவற்றைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம், அம்மாவுக்கு பி12 குறைவு இருந்தாலும் குழந்தையின் மூத்திரத்தில் மெத்தில்மெலோனிக் அமிலம் கூடும். சுத்த சைவக் குடும்பங்களில் இதைப் பார்க்கலாம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் தாய் பயத்திலேயே பாதி செத்துப் போவாள், விளக்க ஆள் வேண்டும். இதனால்தான் கவுண்டரில் விற்கக்கூடாது என்கிறேன். பி.சி.ஜி. ஊசி போல, கேட்காமலே, எல்லாருக்கும், அரசு செலவில் நடக்க வேண்டும். உடம்பு சரியில்லாத பச்சைக் குழந்தைக்குக் காரணம் புரியவில்லை என்றால், ஆன்டிபயாட்டிக் போடும் அதே மணி நேரத்தில் மூத்திரமும் போக வேண்டும்.

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "உங்க வீட்டுக்காரம்மா உங்களுக்கு என்ன முறை?"

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அத்தை பொண்ணு சார்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"கேக்கவே இல்லியே சார்."

மறுநாள் டாக்டரிடம் சொல்லி, குதிகால் ரத்தம், மூத்திரத் தாள் இரண்டும் அனுப்பிவிட்டார்கள். மாமியாரிடம் போனில் நானே பேசினேன். அரை மணி நேரம் ஆயிற்று, முதல் பத்து நிமிஷம் திட்டுதான். தைராய்டு ரிப்போர்ட் நேற்று வந்தது, நார்மல். மூத்திர ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாளாம்.