தகடு வாங்கினால் மட்டும் விளக்கு எரியுமா?

இஞ்சின் கரண்டு காலத்தை நம் தோட்டத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராத்திரி குறித்த நேரமானால் இஞ்சின் நிற்கும்; லயம் முழுதும் இருட்டு. பிறகு மண்ணெண்ணெய் விளக்கே துணை.

இன்று ஜொகூர் பாரு கடைகளில் சூரியத் தகடு சுலபமாகக் கிடைக்கிறது. மின்கம்பி எட்டாத ஒதுக்குப்புறத்தில் குடியிருப்போரும், கொல்லையில் குடிசை போட்டுப் பயிர் செய்வோரும் இதை நாடுவது நல்லதே. ஆனால், "ஒரு தகடு, ஒரு பேட்டரி, ஆயுசுக்கும் கவலையில்லே" என்று சொல்லும் வியாபாரியை நம்பிச் சேமநிதிப் பணத்தை நீட்டலாமா? கூடாது என்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நாலு விளக்குக்கு 200, ஒரு விசிறிக்கு 500, டிவிக்கு 300 என்று வைத்தால், ஒரு நாளைக்கு 1,000 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட். நம் மழைநாட்டில் முழு வெயிலுக்குச் சமமாக நாளுக்கு 4 மணி நேரம் என்று எடுப்பதே புத்தி. வழியில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 400 வாட் தகடு வேண்டும்.

பேட்டரிதான் பெரிய விஷயம். நவம்பர், டிசம்பர் அடைமழையில் இரண்டு நாள் வெயில் முகமே தெரியாது. இரண்டு நாளைக்கு 2,000 வாட்-மணி தேவை. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப் போகும். ஆகவே 4,000 வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு! ஒரே ஒரு பேட்டரியைக் கட்டிவிட்டால் ஓர் இரவுக்கே தாங்காது. குளிர்பெட்டி, இஸ்திரிப்பெட்டி என்றால் கணக்கே வேறு.

இன்னும் உண்டு. செம்பனை ஓலையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். மெல்லிய கம்பி சூடேறும். ஃபியூஸ் இல்லாவிட்டால் பலகை வீடு தீப்பிடிக்கும். பேட்டரியைக் காற்றோட்டமில்லாத படுக்கையறையில் வைப்பது ஆபத்து.

இந்தியாவில் பீகார் மாநிலத்துத் தர்ணை கிராமத்தில் 2014இல் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தார்கள். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட கணக்கு அது. மக்களுக்கோ குளிர்பெட்டியும் தேவைப்பட்டது. கட்டணமும் கூடுதல். சில ஆண்டுகளில் பேட்டரிகள் செத்தன. நிலையம் மாடு கட்டும் இடமாயிற்று. மக்களின் தேவையைக் கேட்காமல் போட்ட கணக்கு நிலைக்காது. நம் நாட்டிலேயே சரவாக்கில் 2016இல் தொடங்கிய திட்டத்தில், உட்புற நீளவீடுகளுக்குச் சூரிய மின்சாரம் கொடுத்து, பராமரிப்பை ஊர்மக்களிடமே ஒப்படைத்தார்கள். அது நல்ல பாடம்.

தோட்ட வீடுகளுக்குப் போதுமான மின்சாரம் தருவது முதலாளியின் கடமை. 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிகள் சட்டம் அதைத்தான் சொல்கிறது. நிர்வாகம் தகடு மாட்டிவிட்டுக் கைகழுவினால் ஏற்காதீர்கள். "கணக்கைக் காட்டுங்க, பேட்டரி செத்தா யார் மாத்துவாங்க?" என்று கேளுங்கள். சங்கத் தலைவர்களும் கேட்க வேண்டும்.

சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்கள் முதலில் வீட்டுத் தேவையைத் தாளில் எழுதுங்கள். சான்றிதழ் பெற்றவரைக் கூப்பிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: சேடா என்னும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் சூரிய மின் அமைப்புப் பயிற்சிகளை நடத்துகிறது. தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, போய்க் கற்றுக்கொள்ளுங்கள். வெயில் இலவசம், விவரம் இலவசமாக வராது. அந்த விவரம் நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்.