பூட்டானின் மகிழ்ச்சிக் கணக்கு

பூட்டானைப் புகழ்ந்து தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. மொத்த தேசிய உற்பத்தியைவிட மொத்த தேசிய மகிழ்ச்சியே பெரிதென்று மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1970களில் சொன்னாராம். உலகம் அவரிடம் பாடம் கற்க வேண்டுமாம். அந்தக் கணக்கில் யாரெல்லாம் சேர்க்கப்பட்டார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

1971 இல் ஐ.நா. சபையில் சேர்ந்த காலத்தில் பூட்டானின் சனத்தொகை பத்து இலட்சத்துக்கு மேல் என்று சொல்லப்பட்டது. 1990 அளவில் அது ஆறு இலட்சம் என்றார்கள். முதற்கணக்கு மிகைப்படுத்தப்பட்டதாகவே இருக்கட்டும். அதன் பின்னர் நாட்டைவிட்டு விரட்டப்பட்ட ஓர் இலட்சம் பேர் வெறும் கணக்குப் பிழை அல்லர்.

அவர்கள் தெற்குப் பூட்டானில் நேபாளி மொழி பேசிய லோட்சம்பாக்கள். 1958 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. 1985 ஆம் ஆண்டுச் சட்டமோ, 1958 டிசம்பர் 31 இல் நாட்டில் வசித்தமைக்குப் பதிவு கேட்டது. 1988 குடிசன மதிப்பீட்டின்போது, முப்பது வருடத்துக்கு முந்திய காணி வரிச் சீட்டைத் தேடி எடுக்குமாறு விவசாயிகளிடம் சொன்னார்கள். மக்கள் ஏழு வகையாகப் பிரிக்கப்பட்டனர். கணவன் பிரசையாகவும் மனைவி அந்நியளாகவும் பதிவான குடும்பங்கள் உண்டு. முறையிட்ட அரச ஆலோசனைச் சபை உறுப்பினர் டெக்நாத் ரிசால் 1989 முதல் பத்து ஆண்டுகள் சிறையில் கிடந்தார். பாடசாலைகளிலிருந்து நேபாளி மொழி அகற்றப்பட்டது. 1990 இல் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன, இராணுவம் வந்தது. சுயவிருப்பின் பேரில் வெளியேறுவதாகப் பத்திரங்களில் கையொப்பம் வாங்கினார்கள். படம் பிடிக்கும்போது பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொன்னார்கள் என்று அகதிகள் சாட்சியமளித்திருக்கிறார்கள். மகிழ்ச்சியின் தேசமல்லவா!

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி தேடி அலைந்த மலையக மக்களின் வரலாறு தெரிந்த எமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

1975 இல் சிக்கிம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டதால் பூட்டானுக்கு அச்சம் பிறந்தது என்பார்கள். அச்சம் உண்மைதான். ஆனால் அந்த இந்தியாவின் பணத்தில்தான் 336 மெகாவாட் சூக்கா நீர்மின் நிலையம் எழுந்தது. மின்சாரமும் இந்தியாவுக்கே விற்கப்பட்டது. நாணயமான நுல்ட்ரமும் இந்திய ரூபாவுக்குச் சமமாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. பொருளாதாரத்தைப் பெரிய அயலவனிடம் ஒப்படைத்துவிட்டு, ஏலமும் தோடையும் பயிரிட்டவனை நாட்டுக்கு ஆபத்து என்பது என்ன நியாயம்?

2008 இல் அரசியலமைப்பும் தேர்தலும் பாராளுமன்றமும் வந்தன. அகதிகள் அப்போது நேபாளத்தின் ஜாபா, மொராங் மாவட்ட முகாம்களில் இருந்தார்கள். 2007 முதல் 1,10,000க்கு மேற்பட்டோர் மேற்கு நாடுகளில், பெரும்பாலும் அமெரிக்காவில், குடியேற்றப்பட்டார்கள். பூட்டான் ஏற்றதாகச் சொல்ல ஒரு குடும்பம்கூட இல்லை.

2023 டிசம்பரில் இன்றைய மன்னர் கெலெபு என்ற 'மனநிறைவு நகர'த்தை அறிவித்தார். அது அமைவது சர்பாங் மாவட்டத்தில். லோட்சம்பாக்கள் விரட்டப்பட்ட அதே தெற்கில். உலக முதலீட்டாளர்களுக்கு அங்கே வரவேற்பு. 2025 இல் அமெரிக்கா நாடுகடத்திய சில லோட்சம்பாக்கள் பூட்டானில் வந்திறங்கினார்கள். அவர்களை இந்திய எல்லைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து நேபாளத்துக்குள் நுழைந்தவர்களை நேபாளப் பொலிஸார் கைது செய்தனர்.