எரர் கோட் வந்ததும் சென்சாரை மாற்றலாமா?

டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஸ்கேனரைச் செருகுகிறார்கள். ஓட்டுநர் சீட் பொசிஷன் சென்சார் என்று திரையில் ஒரு வரி வருகிறது. "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரே சொன்ன பிறகு நாம் என்ன பேச இருக்கிறது என்று வண்டிக்காரரும் பணத்தை எடுத்து வைக்கிறார். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் கார் என்றாலும், ஒரகடம் தொழிற்பேட்டைக்கு ஓடும் வாடகைக் கார் என்றாலும் கதை இதுவே. ஸ்கேனர் எந்தப் பெயரைச் சொல்கிறதோ அந்தப் பாகம்தான் கெட்டது என்ற இந்த நம்பிக்கை தவறானது. பணத்தை வீணாக்குவதோடு உயிர் காக்கும் கருவியையும் அது நம்பகமற்றதாக்கிவிடுகிறது.

இந்தச் சென்சாரை ஏதோ சொகுசுச் சாமான் என்று எண்ணிவிடக் கூடாது. பல கார்களில் ஓட்டுநரின் ஏர்பேக் இரண்டு கட்டமாக விரியும்படி அமைந்திருக்கிறது. சீட் ஸ்டியரிங்குக்கு அருகே இழுக்கப்பட்டிருக்கிறதா, தள்ளியிருக்கிறதா என்பதை ஏர்பேக்கின் கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்வது இந்தச் சென்சார். அருகே இருந்தால் பை முழு வேகத்தில் விரியக் கூடாது. இந்த எச்சரிக்கை உயிர்களைப் பறிகொடுத்துக் கற்ற பாடம். அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை குறைந்த வேக மோதல்களில் முன்பக்க ஏர்பேக் விரிந்த விசையாலேயே 290 பேருக்கு மேல் இறந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் சீட் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை 1998-க்கு முன் தயாரானவை. நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்ற அறிவுரையும், ஆளுக்கும் அமர்வுக்கும் ஏற்ப விரியும் ஏர்பேக்குகளுக்கான விதியும் இந்த அனுபவத்திலிருந்தே வந்தன. உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், சீட்டை முன்னே இழுத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இந்தச் சென்சாரின் சொல் உயிர்ச் சொல்.

சரி, ஸ்கேனர் உண்மையில் என்ன பார்க்கிறது? ஸ்கேனர் எதையும் நேரில் பார்ப்பதில்லை. கண்ட்ரோல் யூனிட் எழுதி வைத்ததை வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். கண்ட்ரோல் யூனிட்டோ தன் பின்னில் வந்துபோகும் மின்சாரத்தை மட்டுமே அளக்கிறது. பரவலாக உள்ள இரண்டு ஒயர் ஹால் சென்சாரை எடுத்துக்கொள்வோம். சீட் ஓடும் இரும்புத் தண்டவாளம் எதிரே இருப்பதையும் இல்லாததையும் அது மின்னோட்ட அளவால் தெரிவிக்கிறது. ஒரு நிலையில் ஏறக்குறைய 5 முதல் 7 மில்லிஆம்பியர், மறு நிலையில் 12 முதல் 17 மில்லிஆம்பியர். இந்த இரண்டு எல்லைக்குள்ளும் வராத எந்த அளவையும் யூனிட் கோளாறு என்று பதிவுசெய்கிறது. மின்னோட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சென்சார் உள்ளே செத்திருக்கலாம், வழியில் ஒயர் அறுந்திருக்கலாம், கப்ளரில் ஒரு பின் பின்வாங்கியிருக்கலாம், பச்சைக் களிம்பு ஏறித் தொடர்பு விட்டிருக்கலாம். பின்னிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே எரர் கோட் சொல்வது, எந்த வழித்தடத்தில் தேட வேண்டும் என்பதை மட்டும். அந்தத் தடத்தில் சென்சார் என்பது ஒரு முனை. ஒயரும் கப்ளரும் எர்த்தும் யூனிட்டும் மற்றவை. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சென்சார் பொருத்திய தகடு வளைந்து இடைவெளி மாறினால் மின்னோட்டம் எல்லைக்குள்ளேயே இருக்கும், ஆனால் தகவல் பொய்யாக இருக்கும். அப்போது கோடே வராமல் போகலாம். கோட் வந்தால் சென்சார் கெட்டது, வராவிட்டால் நல்லது என்ற கணக்கு இரண்டு பக்கமும் உடைகிறது.

அந்தத் தடம் கிடக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். காரில் சீட்டுக்கு அடியில் உள்ள ஒயரிங் படும் பாடு கொஞ்சமல்ல. சீட் முன்னும் பின்னும் ஓடும்போதெல்லாம் அது மடங்கி நிமிர்கிறது. உருண்டு போன தண்ணீர் பாட்டில் அதில் சிக்குகிறது. பின்சீட்டில் இருப்பவரின் செருப்பு அதை உதைக்கிறது. சீட் கவர் மாட்டுபவர் அவசரத்தில் இழுக்கிறார். வாட்டர் வாஷில் தெறித்த நீரும், ஏசி வடிகுழாய் அடைத்துக் கசிந்த நீரும், ஐப்பசி கார்த்திகை மழையில் காலோடு ஏறிவந்த ஈரமும் கார்ப்பெட்டில் ஊறிக் கப்ளரை எட்டுகின்றன. சென்சாரோ உள்ளே அசையும் உறுப்பு எதுவும் இல்லாத, அடைத்து மூடிய சிறு பொருள். அசையும் ஒயரையும் நனையும் கப்ளரையும் விட்டுவிட்டு, அசையாத மூடிய பொருளின் மீது முதல் குற்றத்தைச் சுமத்துவது எந்த நியாயத்தில் சேரும்? காஞ்சிபுரத்து நெசவாளி, பாவில் ஓர் இழை அறுந்து சேலையில் குறை விழுந்தால் தறியை மாற்றுவதில்லை. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு அறுந்த இடம் வரை பின்னோக்கிப் போகிறார். பட்டறையும் செய்ய வேண்டியது அதைத்தான்.

அப்படித் தேடுவது பெரிய வித்தையும் அல்ல. முதலில் கோட் இப்போது நிற்பதா, எப்போதோ வந்து போனதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்கேனரின் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துச் சீட்டை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் நிலை மாறுவது திரையில் தெரிய வேண்டும். நகர்த்தும்போது அளவு துள்ளினால் அது லூஸ் காண்டாக்ட். அடுத்து, பேட்டரியைக் கழற்றி வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்துவிட்டு, சென்சாரின் கப்ளரை மட்டும் பிரிக்க வேண்டும். மீண்டும் இணைப்புக் கொடுத்துப் பார்த்தால் சுற்று அறுந்திருக்கிறது என்ற கோட் வர வேண்டும். அதே முறையில், கையேடு அனுமதிக்கும் வண்டிகளில், அந்த இரண்டு முனைகளையும் பியூஸ் உள்ள ஒயரால் இணைத்தால் ஷார்ட் என்ற கோட் வர வேண்டும். இரண்டு முறையும் கோட் சரியாக மாறினால் ஒயரிங்கும் யூனிட்டும் நலம். அப்போதுதான் சந்தேகம் நியாயமாகச் சென்சார் மீது விழுகிறது. கோட் மாறவே இல்லை என்றால் புதுச் சென்சார் போட்டும் பயன் இல்லை.

"மாற்றினோம், விளக்கு அணைந்துவிட்டதே" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அணையும்தான். சென்சாரை மாற்றும்போது கப்ளரைப் பிரித்து மீண்டும் அழுத்திச் செருகுகிறோம். களிம்பு உரசி விலகுகிறது, பின் இடத்தில் அமர்கிறது, எரர் கோடையும் அழித்துவிடுகிறோம். குணமாக்கியது அந்த அழுத்தமாகவும் இருக்கலாம், புதுப் பாகமாகவும் இருக்கலாம். சோதிக்காமல் மாற்றியவரால் இரண்டில் எது என்று சொல்லவே முடியாது. கப்ளர்தான் காரணம் என்றால் அடுத்த மழைக்கு விளக்கு மறுபடி எரியும். இன்னொரு மறுப்பு, ஏர்பேக் ஒயரிங்கில் மீட்டர் வைப்பது ஆபத்து என்பது. இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. பையை வெடித்து விரிக்கும் சுற்றில், வழக்கமாக மஞ்சள் கப்ளர் உள்ளதில், சாதாரண மல்டிமீட்டரை ஓம் அளவில் வைக்கவே கூடாது. ஆனால் பாகத்தை மாற்றுபவரும் அதே சீட்டுக்கு அடியில்தான் கையை விடுகிறார். ஆபத்து இருக்கிறது என்பது கையேட்டைத் திறப்பதற்கான காரணம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதற்கான அனுமதி அல்ல.

பட்டறைக்காரர்களின் வலுவான வாதம் பணம் பற்றியது. தேடுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அதற்குக் கூலி யார் தருவார் என்கிறார்கள். இங்கே குற்றம் நம் பக்கமும் இருக்கிறது. புதுப் பாகத்துக்கு ரசீது போட்டால் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். கப்ளரைத் துடைத்துச் சரிசெய்து கூலி கேட்டால் "சும்மா பார்த்ததுக்கா இவ்வளவு?" என்கிறோம். அறிவுக்குக் கூலி இல்லாத இடத்தில் பாகம்தான் விற்கும். அதனால் இந்த நம்பிக்கை இயந்திர அறியாமையால் மட்டும் வாழவில்லை. நம் கணக்குப் பார்க்கும் முறையாலும் வாழ்கிறது. நோயறியும் வேலைக்குத் தனிக் கட்டணம் என்று பட்டறைகள் வெளிப்படையாக எழுதி வைக்கட்டும். நாமும் அதை மனமாரக் கொடுப்போம். தேவையில்லாத பாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக்கை 2019 ஜூலை 1 முதல் அரசு கட்டாயமாக்கியது. கார்கள் தயாராகும் இருங்காட்டுக்கோட்டையும், அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இயங்கும் ஒரகடமும் இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இவ்வளவு கவனத்தோடு செய்து சோதித்த ஒரு பாதுகாப்பு, சாலைக்கு வந்த சில ஆண்டுகளில் ஊகத்தின் கையில் விழக் கூடாது. விளக்கை அணைக்கச் சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்துக் கட்டும் வழக்கம் இந்த ஊகத்தின் கடைசிப் படி. விளக்கு அணையும், யூனிட் ஏமாறும், பை எந்த வேகத்தில் விரியும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே வண்டிக்காரர் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்: கோடின் முழு வாசகம் என்ன, எந்தச் சோதனை செய்தீர்கள், அதில் என்ன அளவு வந்தது? இவற்றுக்குப் பதில் தரும் பட்டறை சென்சாரை மாற்றச் சொன்னால் தாராளமாக மாற்றலாம். பதில் இல்லாத இடத்தில் ஒரு ரூபாய்ப் பாகத்துக்கும் சம்மதிக்கக் கூடாது.